கொசுவலையில் ஓர் ஓட்டை

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்டு உன்னைப் பொய் சொல்ல வைக்க மாட்டேன். அந்தக் கொசுவலையை இன்னும் தைத்துக்கொண்டே இருக்கிறாய் என்று மாமா போனில் சொன்னார்.

மூன்று வருடமாக எங்கள் லேப் ஃப்ரீசரில் இருந்த குழந்தைகளின் ரத்தத்தை இந்த வாரம் புதிதாகச் சோதித்தோம். மலேரியாக் கிருமி ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தை அளக்கும் சோதனை இது. அது எக்கச்சக்கமாக இருந்தால்தான் குழந்தையைச் சாய்த்தது மலேரியா என்று நம்பலாம். நோயில்லாமல் ஓடியாடும் பிள்ளைகளின் ரத்தத்திலும் நம் ஊர்ப் பக்கம் கொஞ்சம் கிருமி இருக்கும்.

உன் மகன் குட்டியின் சாம்பிள் நம்பர் எனக்கு மனப்பாடம். அவன் ரத்தத்தில் அந்தப் புரதம் பேருக்குத்தான் இருந்தது. அவனுக்கு வந்தது வேறு ஏதோ.

அவன் காய்ச்சலில் கிடந்த அன்று டாக்டர், "மலேரியாதானா? வேற எதுவும் பார்க்கணுமா?" என்று என்னிடம் கேட்டார். ஸ்லைடில் நாலு கிருமியைக் கண்ட மிதப்பில், "சந்தேகமே இல்ல டாக்டர், நானே பார்த்தேன்" என்றேன். அவர் வேறெதையும் தேடவில்லை.

மறுநாள் அவனைப் பறிகொடுத்துவிட்டு நீ, "என் வலை ஓட்டைதான்டி எல்லாத்துக்கும் காரணம்" என்று அழுதாய். நானும் தலையாட்டினேன்.

ஊசியைக் கீழே வை, அக்கா. திட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன்.

உன் தங்கை