கரைக்குக் கீழே ஒரு வீடு

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி நலம். உன் முழங்கால் நலமா என்று தனியாகக் கேட்கிறேன். "நான் சௌக்கியம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, முழங்காலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவள் நீ.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் ஓய்வு பெற்றதும் எங்கே போய் இருப்பது என்று ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாயே, ஒரு வீடு அகப்பட்டிருக்கிறது. நான் வேலை பார்க்கும் ஏரிக்கரைக்குக் கீழே நாற்பது வீடுகள் உள்ள ஊர். அதில் தையல்காரர் வீடு. அவர் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். இரண்டு அறை, சமையலறை, பின்பக்கம் ஒரு கிணறு. ஒரு படிகூடக் கிடையாது. வாசலில் கால் வைத்தால் நேராக அடுப்பு வரைக்கும் போகலாம். அவர் சொல்லும் விலைக்கு உன் நகரத்தில் ஒரு குளியலறைகூட வராது.

கரைமேல் இருக்கும் என் காவல் அறையிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டால் அந்த வீட்டில் கேட்கும். எனக்கும் முப்பது வருட சர்வீஸ் முடிந்து விருப்ப ஓய்வு வாங்க இன்னும் பதினோரு மாதம்தான். பிறகு நானும் வந்துவிடுவேன். நீ சமைப்பாய், நான் குறை சொல்வேன்.

யோசித்து எழுது. அலுவலக போனில் கூப்பிடாதே, அது ஓவர்சியர் மேசையில் இருக்கிறது. நாம் பேசுவதையெல்லாம் அவர் நியூஸ் கேட்கிற மாதிரி கேட்பார்.

உன் தம்பி

---

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளில் இங்கே ஒரு துக்கம். கீழ் வீட்டு வளையல்காரம்மா போய்விட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். மூன்றாம் நாள்தான் கதவை உடைத்தார்கள். அந்த மூன்று நாளும் நான் அவர் கதவைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன். ஒரு நாள் உள்ளே ஏதோ தட்டுகிற மாதிரி கேட்டது. பாத்திரம் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து குளிக்கப் போகும்போது வெளிக்கதவுக்கு நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. திருடன் வந்தால் வரட்டும், ஒரு ஆளாவது பார்ப்பான்.

ஆகையால் உன் வீட்டுக்கு என் மனது ஏற்கெனவே கிளம்பிவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏன் இவ்வளவு சல்லிசு? முப்பத்து நாலு வருடமாக ஊரார் மனுக்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். சல்லிசாக வீடு வாங்கி மாட்டிக்கொண்டவர்களின் மனுக்கள்தான் அதில் பாதி. வில்லங்கம் உண்டா? பங்காளி சண்டை உண்டா? எதுவானாலும் மறைக்காமல் எழுது.

உன் அக்கா

---

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வளையல்காரம்மா விஷயம் படித்து மனது கஷ்டமாகிவிட்டது. நீ கேட்ட சத்தத்தை நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

வில்லங்கம் எதுவும் இல்லை. பத்திரத்தை நானே பார்த்தேன். சல்லிசுக்குக் காரணம் மூன்று. ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரம். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாவது, கரைக்குக் கீழே இருக்கும் வீடு எப்போதுமே சல்லிசுதான். அண்ணாந்து பார்த்தால் கரை தெரியும், கரைக்குப் பின்னால் தண்ணீர் இருப்பது மனதில் தெரியும். பயந்தவர்கள் வாங்க மாட்டார்கள்.

உனக்கு என்ன பயம்? அந்தக் கரையை நாள் தவறாமல் அளக்கிறவன் உன் தம்பி. ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு அளவு, கரைக்கு அடியில் எவ்வளவு கசிகிறது என்று ஒரு அளவு. எந்த மண்கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிற வரை கவலையே இல்லை. தையல்காரரும் இதையேதான் சொன்னார்: "நீங்க மேல இருக்கீங்கன்னுதான் நாங்க கீழ நிம்மதியா படுக்கிறோம்." ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

உன் தம்பி

---

ஜூலை 9

அன்புத் தம்பிக்கு,

வீட்டைப் பார்த்துவிட்டு நல்லபடியாக இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். மாடி ஏறும்போது முழங்கால், "எப்ப என்னை அங்க கூட்டிட்டுப் போவே" என்று கேட்டது.

வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தையல்காரரிடம் அட்வான்ஸை யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின் நின்ற இடத்தில் என் டைப்ரைட்டரை வைக்கப் போகிறேன். உனக்குப் பால் ஊற்றுகிற அம்மா, "கரைக்காரர் அக்காவா, அப்ப நம்ம வீட்டு ஆளுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். இங்கே பதினேழு வருடத்தில் என் கையை யாரும் பிடித்ததில்லை.

உன்மேல் ஒரே ஒரு கோபம். நீ ஓவர்சியரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி வேலை செய்கிற இடத்தைப் பார்ப்போமே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையின் அடிவரைக்கும் படியிறங்கிப் போனேன். படியெல்லாம் பாசி. அங்கே ஓடுகிற வாய்க்கால் தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி இருக்கிறது. காலை வைத்ததும் சேற்றில் புதைந்து, புதுச் செருப்பு பாழ். தினமும் அங்கே எப்படித்தான் இறங்கி ஏறுகிறாயோ. அக்டோபர் முதல் வாரம் சாமான்களோடு வருகிறேன்.

உன் அக்கா

---

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வீடு வேண்டாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி தூரம். சுவரெல்லாம் ஈரம். உனக்குப் பேச்சுத்துணைக்கும் ஆள் இருக்காது. அட்வான்ஸைத் திரும்ப வாங்கித் தருவது என் பொறுப்பு. தையல்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "வேற ஒருத்தங்க கேட்டுட்டே இருக்காங்க. ரிட்டையரான நர்ஸம்மா, புருஷனுக்கு நடக்க முடியாது. அவங்களுக்குக் கொடுத்துடறேன்" என்றார்.

வேறு இடம் பார்க்கலாம். மேட்டுப் பக்கமாக. கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

---

ஜூலை 20

தம்பிக்கு,

ஈரம் ஜூலை பதினைந்தாம் தேதிதான் உன் கண்ணில் பட்டதா?

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான்கு தடவையும் ஒன்றுதான் தோன்றியது. கிழவி வந்து தலையில் உட்கார்ந்துவிடுவாள், படுத்தால் நான்தான் பார்க்க வேண்டும் என்று பயந்துவிட்டாய். அம்மா போனபோது உனக்கு இரண்டு வயது. உன்னை இடுப்பில் தூக்கியதை நான் சொல்லிக்காட்டியதே இல்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

அப்படி என்றால் அப்படியே எழுதிவிடு. இரண்டு நாள் அழுவேன், மூன்றாம் நாள் வேறு வீடு தேடுவேன். ஆனால் ஈரம், பேச்சுத்துணை என்று எனக்கே கதை விடாதே. உன் கையெழுத்து நடுங்கியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா?

அக்கா

---

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

நீ இறங்கிப் போன அந்தப் படியில் நான் இறங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. போன வருடத்துக்கு முந்திய மழையில் வழுக்கி விழுந்தேன். உனக்கு எழுதவில்லை. ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த வாரம் கசிவு அளவுக்கு முந்தின வாரத்து எண்களையே எழுதினேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் இடுப்பு சரியாகிவிட்டது, ஆனால் படியைப் பார்த்தால் கால் பின்னால் போனது. அப்போதும் அதே எண். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமே என்று அவ்வப்போது கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து எழுதினேன். ஓவர்சியர் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து பாராட்டிக்கூட ஒரு தாள் வந்தது.

டீ மாதிரி என்று நீ எழுதியிருந்தாய். கடிதம் வந்த அன்று மதியமே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். நீ சொன்னது சரி. தண்ணீரோடு மண் வருகிறது. கரைக்குள்ளிருந்து வருகிறது, அக்கா. உள்ளே எங்கோ ஓட்டை விழுந்து, அது வளர்கிறது. நான் எழுதிவைத்திருந்த அளவைப்போல் ஐந்து மடங்கு ஓடுகிறது. இந்த வருடம் மழை முன்னதாகவே வந்ததால் ஏரியும் முக்கால்வாசி நிறைந்து நிற்கிறது.

இப்போது தினமும் இரண்டு தடவை இறங்குகிறேன். ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் தெளிவது மாதிரி இருக்கிறது, மறுநாள் இன்னும் கலங்குகிறது. பால்காரம்மா பால் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே கூரைகளை எண்ணுகிறேன். நாற்பது வரை எண்ணிவிட்டு மறுபடி எண்ணுகிறேன்.

சொன்னால் வேலை போகும், பென்ஷன் போகும், ஜெயிலும் இருக்கலாம். இன்னும் பத்தே மாதம். மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தால் ஏரி தானாக இறங்கிவிடும். அதற்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். பத்து வருடம் கசிந்தும் நின்ற கரைகள் உண்டு. நீ இதில் மாட்டக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அட்வான்ஸ் அடுத்த வாரம் வந்துவிடும்.

யாரிடமும் சொல்லாதே.

உன் தம்பி

---

ஜூலை 31

தம்பிக்கு,

கையால் எழுத முடியவில்லை, அதனால் தட்டச்சு செய்கிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். தம்பி என்னை ஒதுக்கவில்லை என்ற நிம்மதி. அட்வான்ஸ் திரும்பி வரும், நான் பிழைத்தேன் என்ற நிம்மதி. செவ்வாய்க்கிழமைதான் நர்ஸம்மா நினைவுக்கு வந்தார். நடக்க முடியாத புருஷனை வைத்துக்கொண்டு, நான் டைப்ரைட்டர் வைக்க நினைத்த ஜன்னலுக்குக் கீழே அவருக்குக் கட்டில் போடுவார். அதை நினைத்தும் புதன்கிழமை சும்மா இருந்தேன். பணம் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாலு நாள் நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். நானே கண்ணால் பார்த்த தண்ணீர் அது. பார்த்துவிட்டுச் செருப்பைப் பற்றி எழுதினேன்.

நேற்று மாலை கீழ் வீட்டைத் தாண்டி ஏறும்போது கால் நின்றுவிட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் காது வைத்துக் கேட்டேன்.

இன்று அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு மனு தட்டச்சு செய்தேன். தலைமைப் பொறியாளருக்கு ஒன்று, மாவட்ட அதிகாரிக்கு ஒன்று. தந்தி ஆபீசுக்குப் போய், கரை உடைகிறது, ஆட்களை மேடேற்றுங்கள் என்று இருவருக்கும் தந்தியும் கொடுத்தேன். உன் பெயரும் வேலையும் போட்டிருக்கிறேன். பெயர் போடாத மனுவை யாரும் மதிக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. மனுவோடு இணைத்து அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் முதலில் சொல்லி, நீயாகவே போய்ச் சொல் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், "ஒரு வாரம் பொறு அக்கா" என்று எழுதியிருப்பாய். நானும் பொறுத்திருப்பேன். எனக்கு அந்தப் பயம்தான்.

நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். திட்ட வேண்டுமென்றால் திட்டு. ஆனால் நீ கரைமேல் நிற்காதே. கீழேயும் போகாதே. மேட்டுக்குப் போய்விடு, என் கண்ணே.

உன் அக்கா

---

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னால் மூன்று ஜீப் வந்துவிட்டது. பெரிய பொறியாளர் படியிறங்கிப் போனார். ஏறி வந்ததும் என் பதிவேட்டைக் கேட்டார். நாலு பக்கம்தான் புரட்டினார். என்னைத் திட்டவே இல்லை. "எல்லாரையும் மேல ஏத்துங்க, இப்பவே" என்று மட்டும் சொன்னார். நாற்பது வீட்டு ஆட்களையும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். எல்லா மதகையும் திறந்தார்கள். ஆறாம் நாள் காலையில் கரை உள்வாங்கியது, ஒரு பஸ் நுழைகிற அகலத்துக்கு. அதற்குள் ஏரி பெரும்பாலும் இறங்கியிருந்ததால் ஊருக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் வந்தது. தையல்காரர் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

என்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறேன். போன வாரம் பால்காரம்மாவை எதிரில் பார்த்தேன். நான் போகும்வரை தெரு ஓரத்தில் ஒதுங்கி நின்றார்.

ஒன்று மட்டும் உனக்கு எழுத வேண்டும். நீ மனு போட்டாயே அந்த வெள்ளிக்கிழமை, நானும் ஓவர்சியர் அறை வாசலுக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் பார்த்துவிட்டார். "என்னய்யா, என்ன விஷயம்?" என்றார். "சம்பள சிலிப் வந்துடுச்சான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாலாவது தடவை கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன் என்று விசாரணையில் சொன்னேன். உனக்கும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தாயிற்று.

சொல்லியிருக்க மாட்டேன், அக்கா. அது உனக்குத் தெரிந்திருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததால்தான் நாற்பது வீட்டு ஆட்களும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். அதனால்தான் உன் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. நீ செய்தது தப்பாக இருந்திருந்தால் எப்போதோ உன்னை மன்னித்திருப்பேன்.

நீ வரவேண்டாம். எழுதவும் வேண்டாம். வந்தால் திறக்க மாட்டேன். செப்டம்பர் நெருங்குகிறது, சீக்கிரம் ஒரு இடம் பார்த்துக்கொள். உனக்கு மட்டும் போதுமான இடமாகப் பார்.

தம்பி