பாடையில் போன பம்புசெட்டு

4-2-1983
இனி நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். சத்தியம். எழுதுகிற எனக்கே நம்பிக்கை வரவில்லை. திருப்புலிவனம் சடையப்பனாகிய என் சரித்திரத்தைச் சினிமா எடுக்க மெட்ராஸிலிருந்து வேன் வந்து நிற்கிறது!

என் கிணற்று மோட்டாரைக் கழற்றி, பாடையில் கட்டி, மாலை போட்டு, பட்டப்பகலில் பிணமாகத் தூக்கிப்போனார்களே, அந்தத் திருட்டுதான் கதை. பாதி சிரிப்பு, பாதி சாவு என்கிறார் டைரக்டர். மீசை முளைக்காத பிள்ளை. திருடர்களை நான் ஏரிக்கரையில் மடக்கிய வீரத்தை அவரிடம் அவிழ்த்துவிட்டேன். பன்னிரண்டு பேர், ஒவ்வொருவனும் பனைமர உயரம். நான் துண்டை உதறியதில் ஏரித் தண்ணீர் கரைமட்டம் ஏறிக் கலங்கலில் வழிந்தது.

உள்ளேயிருந்து என் சம்சாரம் சொக்கம்மாள், "போன பொங்கலுக்கு எட்டு பேர்தான் இருந்தானுங்க" என்றாள்.

5-2-1983
என் வேஷத்தில் நடிக்க யார் இருக்கிறார்கள்? இந்த மார்புக்கு எங்கே போவார்கள்?

9-2-1983
குடி முழுகிப்போச்சு.

ஜெயிலுக்குப் போய்வந்த திருடன் வீராசாமியையே யோசனை சொல்லக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவனுக்கு நாற்காலி, சோடா. மோட்டாரைப் பறிகொடுத்த நான் கும்பலோடு கும்பலாக நிற்கிறேன். ஊரில் ஒருவருமா சந்தேகப்படவில்லை என்று டைரக்டர் கேட்டார்.

"இன்னா சார் சந்தேகம்? வேலைக்கு வந்த எடத்துல செத்துட்டான், லாரில ஊருக்கு எடுத்துகினு போறோம்னோம். ஒர்த்தரு செருப்ப கயட்டிட்டு, தலத்துண்ட எடுத்துட்டு, தானா வந்து தோள் குடுத்தாரு. ரோடு வரிக்கும் தூக்கினு வந்தாரு. நல்லா சாப்ட்ட ஒடம்பு போலகீதுன்னு வேற சொன்னாரு."

சொல்லிக்கொண்டே திரும்பினான். "அண்ணாத்தே! நீதான அது? சவுக்கியமா கீறியா?"

ஊரே என்னைப் பார்த்தது. சொக்கம்மாளும்.

எதிரே பாடை வந்தால் நாலடி தோள் கொடுப்பது வழக்கம். ஆனால் என் மோட்டாரை என் தோளிலேயே சுமந்துபோய்த் திருடன் லாரியில் ஏற்றிவிட்ட மகானுபாவன், பூமி தோன்றிய நாள்முதல் நான் ஒருவன்தான். கிணற்றுக்குப் போய்ப் பார்த்தபிறகுதானே புரிந்தது! ஏரிக்கரைச் சண்டை பிறந்ததே இதை மூடத்தான்.

10-2-1983
ரசத்தில் உப்பில்லை. கேட்டேன். "பன்னண்டு பேர அடிச்ச ஆம்பளைக்கு உப்பு வேற வோணுமா?"

அப்புறம் பேச்சே இல்லை. அவள் திட்டினால் தாங்குவேன். இது முடியவில்லை.

12-2-1983
தோள் கொடுப்பவராக நீங்களே நடியுங்கள் என்கிறார் டைரக்டர். இன்னா பண்றது? நடிச்சா ஊர் சிரிக்கும். நடிக்காட்டியும் சிரிக்கும். வேறு எவனாவது நடித்தால் என் முட்டாள்தனத்தையும் கெடுத்துவிடுவான்.

கொடியில் வெளுத்த வேட்டி காய்கிறது. "போய்ட்டு வா. இந்த தபாவாவது உள்ளதச் செய்" என்றாள் சொக்கம்மாள்.

14-2-1983
நடித்தேன். பாடைக்குள் வெறும் வைக்கோல். "அண்ணாத்தே அன்னிக்கு அழுதுகினே வந்தாரு சார்" என்று வீராசாமி போட்டுக்கொடுத்தான். அழச் சொன்னார்கள். வரவில்லை. கண்ணில் ஏதோ மருந்து விட்டார்கள். ஏரி மதகைத் திறந்ததுபோல ஊற்றியது.

20-11-1983
உத்திரமேரூர் கொட்டகையில் படம் பார்த்தோம். திரையில் நான் தோள் கொடுத்தேன். ஜனம் சிரித்த சிரிப்பில் கூரை பிய்ந்து செங்கல்பட்டில் போய் விழுந்தது. சொக்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். என் தொடையில் ஒரு அடியும் விழுந்தது. எத்தனை மாதம் ஆயிற்று!

பஸ்ஸில் கேட்டாள். "மோட்டார சொமந்த, சரி. அழுதன்னு வீராசாமி சொன்னானே, மெய்யாவா?"

"ச்சே, சினிமாவுக்காக அவன் வுட்ட புருடா அது."

"அதான பாத்தேன்."

அழுதேன். சங்கு ஊத ஆளில்லை, பின்னால் நடக்க ஒரு சொந்தமில்லை. யார் பெற்ற பிள்ளையோ, ஒருத்தராவது அழவேண்டாமா என்று தோன்றியது. அது மட்டும் மெய்.