ஷ்மக் என்றொரு வசவு

எதற்கெடுத்தாலும் கையை ஓங்கும், ஓங்கிய கையாலேயே கட்டிக்கொள்ளும் என் செல்வம் அண்ணாவுக்கு,

உன் சாவுக்குக் காரணம் அந்த அமெரிக்க இன்ஜினியர்தான் என்று அண்ணி இன்னும் மண்ணை வாரித் தூற்றுகிறார். காரணம் நான். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது, சொல்லிவிடுகிறேன்.

குரோம்பேட்டையில் உங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் மாட்ட வந்தவன் அவன். அன்றைக்கு நீ சிரித்துக்கொண்டே வந்தாய். "வெள்ளைக்காரன் தமிழ் கத்துக்கினான்டா! என்னைக் கையைக் காட்டி 'சுமக், சுமக்'னு கத்துறான். சுமக்கச் சொல்றான்னு மோட்டாரைத் தூக்கித் தோள்ல வச்சிக்கினேன். அப்பவும் கத்துறான்!"

நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். தப்பைத் திருத்தாவிட்டால் சோறு இறங்காது. மறுநாள் காட்டாங்குளத்தூரில் காலேஜ் லைப்ரரியில் டிக்ஷனரியைப் புரட்டிவிட்டு வந்து, நீ சாப்பிடும்போது அண்ணி முன்னாலேயே சொன்னேன்.

"அது சுமக் இல்லண்ணா, ஷ்மக். யூதர்களோட யித்திஷ் பாஷையிலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்த வசவு. ஆம்பள உறுப்போட பேரு. உன்னை அதுன்னு திட்டியிருக்கான், நீ பல்லைக் காட்டிக்கிட்டு மோட்டார் தூக்கியிருக்க."

தட்டு என் வாயில் வந்து மோதியது. உதடு கிழிந்தது. "என்னையாடா சொன்னான்?"

காலையில் ஷிப்ட் தொடங்கியதும் ஸ்பேனரால் அவன் தாடையைப் பெயர்த்தாய். விழுந்தவனை மிதித்தாய். கேட்டில் நின்ற காவலாட்கள் ஓடிவந்து உன்னை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். மண்டை பிளந்த பிறகும் அடித்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கண்ணைத் திறக்கவே இல்லை.

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் உங்கள் டைப்பிஸ்ட் டேவிட் சாரைப் பார்த்தேன். நீ மோட்டார் தூக்கியபோது பக்கத்தில் இருந்தாராம். "தம்பி, அவர் கத்துனது மேனேஜரைப் பார்த்து. 'முதுகு ஒடிஞ்சிடும், பாவம் அந்த ஷ்மக், மொதல்ல கிரேன் கொண்டா'ன்னு கத்துனார். உங்கண்ணனுக்கு எங்க புரிஞ்சுது?"

மறுபடி டிக்ஷனரியைத் திறந்தேன். ஏமாளி, அசடு என்று அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறது. முன்னால் 'பாவம்' சேர்த்தால் இரக்கப்பட்டுச் சொல்வதாம். அதைச் சொல்கிற பல பேருக்கு மூல அர்த்தமே தெரியாதாம். மூலத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தவன் நான். அந்த ஒரு வரியை ஏன் படிக்கவில்லை? உனக்காகக் கத்திய ஒரே ஆளின் தாடையை உன் கையாலேயே உடைக்க வைத்தேனே, அண்ணா?

நாளைக்குப் பீர்க்கன்கரணைக்குப் போகிறேன், அண்ணியிடம் சொல்ல. செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்வேன். இந்த முறை பாதியில் நிறுத்த மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
ரமேஷ்