வவ்வால் கடிக்காத பாதி

அக்கா,

இன்று காலை என் மகள் கொல்லையில் விழுந்து கிடந்த கொய்யா ஒன்றை எடுத்து வந்தாள். ஒரு பக்கம் வவ்வால் கடித்த தடம். பிடுங்கி எறிந்துவிட்டு, அவள் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். என் கையில் மட்டும் அந்த வாசம் போகவில்லை. உன் நினைப்பு வந்துவிட்டது.

தேர்வாய் கண்டிகையில் நம் கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் நின்றதே. கீழே கிடப்பதில் வவ்வால் கடித்ததாகப் பார்த்துத்தான் பொறுக்குவாய். "வவ்வாலுக்குத் தெரியும்டி எது இனிப்புன்னு. நமக்கு இன்னா தெரியும்?" என்பாய். டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து வெட்டி, கடித்த பாதியை நீ எடுத்துக்கொண்டு, மற்றதில் மிளகாய்த்தூள் தூவி என்னிடம் நீட்டுவாய். நான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவேன். "உன் வாயி கும்மிடிப்பூண்டி வரைக்கும் கேக்கும்டி" என்று கிண்டல் செய்வாய்.

பிறகு ஒரு வாரம் டிவியில் ஓயாமல் நிபா காய்ச்சல் செய்தி. வவ்வால் எச்சில் பட்ட பழத்தாலும் வரும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து உனக்குக் காய்ச்சல். நீ வவ்வால் கடித்த பழம் தின்பதை யாரோ சூப்பர்வைசரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து நம் எல்லாரையும் கேன்டீனில் நிறுத்தினார்கள்.

"இவங்களோட அந்தப் பழத்த வேற யார்னா சாப்ட்டீங்களா? சாப்ட்டிருந்தா மூணு வாரம் ஆஸ்பத்திரில தனியா இருக்கணும்."

எனக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. அவ்வளவு நீள வாய்க்காரி நான். "இல்ல சார், நாங்க ஒரே பஸ்ல வருவோம், அவ்ளோதான்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். திட்டியிருந்தால் கூடத் தேவலை. "நான் மட்டுந்தான் சார் துன்னேன். அந்தப் பொண்ண உட்டுடுங்க" என்றாய்.

வேனில் நீ மட்டும் ஏறினாய். ஆஸ்பத்திரியில் உன் வீட்டு ஆட்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லையாம். ஐந்தாம் நாள் போய்விட்டாய். அதற்கப்புறம்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நிபா இல்லை, டெங்கு.

நான் சொல்லியிருந்தாலும் நீ பிழைத்திருக்க மாட்டாய் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பக்கத்து அறையிலாவது இருந்திருப்பேன். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கத்திப் பேசியிருப்பேன், உனக்குக் கேட்டிருக்கும். இன்னொன்றும் உண்டு. அது நிபாவாகவே இருந்திருந்தால், அதைச் சுமந்துகொண்டு போய் நிச்சயதார்த்தத்தில் எல்லார் வாயிலும் இனிப்பு ஊட்டியிருப்பேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கையைத் துடைத்துக்கொண்டே மகள் கேட்டாள். "நீ துன்னுக்கிறியாம்மா, வவ்வால் கடிச்சத?"

இல்லை என்றுதான் முதலில் வாயில் வந்தது.

"துன்னுக்கிறேன். ஒரு அக்காவோட. கடிச்ச பக்கத்த அவங்க எடுத்துக்கினு, நல்ல பக்கத்த எனக்குக் குடுப்பாங்க."

"அவங்க எங்க?"

உள்ளே வந்து இதை எழுதுகிறேன். ஒரு குழந்தையிடம் சொல்ல முடிந்ததை, நீ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சொல்லியிருக்க வேண்டும். நானும் சாப்பிட்டேன், அக்கா.