பத்திரிகையில் தாய்மாமன் பெயர்

வைகாசி 9, திங்கள்

கொள்ளுப்பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க ஜெயங்கொண்டம் கிளம்பினேன். அந்நேரம் பெங்களூரிலிருந்து பேரன் செந்தில் போன் செய்தான். அவன்தான் தாய்மாமன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்.

"இப்ப தேதி வைக்காதீங்க அப்பத்தா. நான் ரசிக்கிற வெளிநாட்டு ராக் பேண்டு அடுத்து எப்ப, எங்க பாட வருதுன்னு தெரியல. மும்பைங்கிறாங்க. பாடுறவரு நெட்டுல தென்னமரம் போட்டோ போட்டிருக்காரு, அதனால சென்னைதான்னு ரசிகருங்க நாங்க நெனைக்கிறோம்."

"தென்னமரம் நம்ம ஆண்டிமடத்துலயுந்தான் இருக்கு. இங்க வந்து பாடுவானா?"

"அவங்களுக்கு எழுபது தாண்டிருச்சு அப்பத்தா. இப்ப விட்டா இனிமே பாக்க முடியாது."

"எனக்கு எழுபத்தாறுடா!" என்று போனை வைத்துவிட்டேன்.

அச்சகத்தில் தேதி கொடுத்தாயிற்று. தாய்மாமன் என்று அவன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். வராமல் இருந்து பார்க்கட்டும்.