தறிச்சத்தத்தைத் திருப்பிப் போட்ட பாட்டு

பெங்களூர்ல இருந்து இசைத்தட்டுக்களை ஊட்டுக்குள் கொண்டுவந்த என் அண்ணனுக்கு,

நீங்க போய் மூணு வருசமாச்சு. அழுதுக்கிட்டு எழுதலீங்கண்ணா. சேதி ஒண்ணு சொல்லணும், அதுக்காகத்தான்.

போன வாரம் கோயமுத்தூர் காலேஜ் பசங்க நாலு பேர் நம்ம ஊட்டுக்கு வந்தாங்க. பேண்ட் வெச்சிருக்காங்களாம். சேலத்துல உங்ககூட ஆர்கன் வாசிச்ச டேவிட் அண்ணன்தான் வழி சொல்லி அனுப்பியிருக்கார். நாம தட்டாப் போட்ட பாட்டைத் திரும்ப வாசிக்கணும்னு கேட்டாங்க.

அந்தப் பாட்டுக்காக நீங்க பட்ட பாடு அவங்களுக்குத் தெரியாது. அறுபதுகள்ல லண்டன் பசங்க வாசிச்ச ராக் தட்டுக்களை, படிக்கப் போன பெங்களூர்ல பழைய கடையில வாங்கி, ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தீங்க. கிட்டார் அழும், ஆர்கன் சுத்தும், பாடுறவன் கிணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கும். அந்த ஊர்லயே இதை மறந்திருப்பாங்க, நாம தமிழ்ல பண்ணலாம்னு சொன்னீங்க. வெண்ணந்தூர் விசைத்தறி ஓடுற சத்தத்தை டேப்புல பிடிச்சு, தலைகீழா ஓட்டி, பாட்டுக்கு முன்னால வெச்சீங்க. மெட்ராஸ் ஸ்டூடியோக்காரர் டேப் கெட்டுப்போச்சுன்னு மெஷினையே நிறுத்திட்டார். இதுதான் பாட்டுன்னு அவருக்குப் புரியவைக்க உங்களுக்கு அரை நாளாச்சு.

பாடினது நான். அதுல அப்பாவுக்கு வருத்தம் இல்லை. தட்டு மேல என் பேர் வரக்கூடாதுன்னுதான் சொன்னார்.

"பாடுனது போதும் சாமி. கட்டிக்குடுக்கற புள்ள பேரு கடையில எதுக்கு?"

"பேர் இல்லாட்டித் தட்டே வேண்டாமுங்க" என்று நீங்க எழுந்து போயிட்டீங்க. பேர் வந்தது.

திருச்செங்கோட்டுல இருந்து பெண் கேட்டு வந்தவங்க அந்தத் தட்டைக் கேள்விப்பட்டிருந்தாங்க. இனிமேல் பாடமாட்டேன்னு பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும்னாங்க. அப்பா உங்களைப் பார்த்தார். நீங்க என்னைப் பார்த்தீங்க. எனக்காக நீங்க பதில் சொல்லாததுதான் எனக்கு இன்னிக்கும் பெருசாத் தெரியுது.

"பாடுவேனுங்க" என்றேன். அவங்க காப்பியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

அப்புறம் உங்களுக்கு மஞ்சள்காமாலை. ஆஸ்பத்திரியில இருந்து நீங்க திரும்பலை. துக்கத்துக்கு வந்த கூட்டத்துல யாரும் பாட்டைப் பத்திப் பேசலை. தட்டும் அவ்வளவா விக்கலை. எனக்குப் பள்ளிக்கூடத்துல வேலை கெடைச்சது, கல்யாணம் நடக்கலை. இதையெல்லாம் குறையாச் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

போன வாரம் வந்த காலேஜ் பசங்க இந்தப் பாட்டைப் பாடினது யாருன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா சொன்னார்: "எம் மகதானுங்க. பேரு போட்டிருக்குதே, பாக்கலீங்களா?"

சொல்லிட்டு வெளியே போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார். ரொம்ப நேரம் காட்டினார். இதைக் கேக்க நீங்க இருந்திருக்கலாம். இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

தை மாசம் அவங்க காலேஜ் மேடையில பாடக் கூப்பிட்டிருக்காங்க. அப்பாவும் வாராராம். நீங்க வெச்ச சுருதி இப்ப எனக்கு எட்டறதில்லைங்கண்ணா, ஒரு கட்டை கீழே இறக்கச் சொல்லியிருக்கேன். குரல் கொஞ்சம் தடிச்சிருக்கும். ஆனாப் பாடிருவேன்.

உங்க கூடப்பிறந்தவள்,
செல்வி