வரிசை நகருது

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

என் மூத்த பிள்ளை சிவநேசனுக்கு,

அம்மா எழுதுறேன். சிங்கப்பூர்ல எப்படிடா இருக்கேன்னு போன்ல கேட்டா, கட்டைவிரல் படம் ஒண்ணு வருது. அதையே பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு. அதான் காகிதத்துல எழுதுறேன். தோட்டத்துப் பள்ளியில நாலாவதோட நிறுத்தின கை, எழுத்து கோணலாத்தான் இருக்கும். உன்கூட அறையில தங்கியிருக்கிற குகன் லீவுல வந்திருக்கான். அவன்கிட்ட கொடுத்து விடுறேன். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காருப்பான்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன். அவன்மேல கோவப்படாதே.

சாப்பாட்டுக் கடையில எனக்கு வேலை இருக்கு. காய் நறுக்குறது, இலை கழுவுறது. பின்பக்கம் கூரை ஒழுகுது, வாளி வச்சிருக்கேன். உன் அத்தை புஷ்பவல்லி கொஞ்ச நாள் வந்து தங்கி, என் குழம்புல புளி பத்தலன்னு தினமும் சொல்லிட்டுப் போனாங்க. அவங்க இருந்தா எரிச்சல், போனா வீடு வெறிச்சுன்னு ஆயிடுது.

இனி தங்கச்சி சேதி. நிதானமாப் படி.

அனுப்பிரியாவுக்குக் கை வெந்துபோச்சு. வலது கை. உங்க அப்பாவோட போன் சார்ஜுல இருந்தபடியே தீப்பிடிச்சிருச்சு. தலையணை கருகிப்போச்சு. இவ ஓடாம அதை வெறுங்கையால அள்ளியிருக்கா. நான் கடையில இருந்தேன், பக்கத்து வீட்டுக்காரங்கதான் தண்ணி ஊத்தித் தூக்கிட்டுப் போனாங்க. உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கல. திரும்பவும் கூப்பிட்டேன். அப்புறம் விட்டுட்டேன். கட்டுப் பிரிச்சாச்சு, ஆனா மூணு விரல் இன்னும் முழுசா மடங்கல. பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷம், ஃபார்ம் ஃபைவ் பரீட்சை வருது. பேனா பிடிக்க முடியல.

அந்த போன் பூரி மாதிரி உப்பியிருந்தது. கடையில கொடுத்துப் பாக்கலாம்டின்னு நான் சொன்னேன். கொடுத்தா அணைச்சிருவாங்க, அணைச்சா அப்பா பேர் போயிரும்னு கத்தினா. எனக்கு அப்ப விளங்கல. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுத்தான் சொன்னா.

அந்த விளையாட்டு உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. போன்ல நாலு பேர் சேர்ந்து சண்டை போடுறது. உங்க அப்பா துறைமுகத்து கேட்ல லோரிய நிறுத்திட்டுக் காத்துக் கிடப்பாரே, அங்க மத்த டிரைவருங்ககிட்ட கத்துக்கிட்டது. அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி நீங்க மூணு பேரும் போடுற கூச்சலுக்கு நான் கரண்டியத் தூக்கிட்டு வருவேன். அதெல்லாம் நல்ல சத்தம்தான். ஏன்னா அவருக்கு நிறுத்தத் தெரியும். ஜெயிக்கிற நேரமா இருந்தாலும் சரி, வரிசை நகருது வரிசை நகருதுன்னு சொல்லிட்டு போனைக் கவுத்து வச்சுட்டு எழுந்துருவார். முன்னாடி லோரி நகர்ந்தா நாமளும் நகரணும், இல்லன்னா பின்னாடி இருக்கிறவன் ஏசுவான்னு சிரிப்பார். அப்பா தோத்து ஓடுறார்னு அனு கிண்டல் பண்ணுவா. நீயும் சேர்ந்துக்குவே. ஆனாலும் நீங்களும் எழுந்து வந்து உக்காந்து சாப்பிட்டீங்க.

அவர் போன அன்னிக்கு வரிசை நகர்ந்தது, அவர் லோரி நகரல. பின்னாடி ஹாரன் அடிச்சாங்களாம். ரொம்ப நேரம் அடிச்சாங்களாம். போன் பக்கத்து சீட்டுல கவுந்து கிடந்ததுன்னு சொன்னாங்க.

பதினாறாம் நாள் படையல்ல அவருக்குப் பிடிச்சதெல்லாம் வச்சோம். ஆட்டுக்கறி, பால் ஊத்தாத கோப்பி ஓ, சிகரெட்டு. போனும் வைக்கணும், தம்பிக்கு அதுதான் உசிருன்னு அத்தை சொன்னாங்க, வச்சோம். கற்பூரம் அணைஞ்சதும் படையல்ல இருந்ததைப் பிள்ளைங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். நீ கடிகாரத்தை எடுத்துக்கிட்டு, போனைத் தங்கச்சி கையில கொடுத்தே. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. அவ அதை அணைக்கவே இல்ல.

ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விளையாடியிருக்கா. ஒண்ணுல அவ, ஒண்ணுல அப்பா. அப்பா ஆள் சும்மா நிப்பாராம். எதிராளி சுட்டா விழுந்துருவாராம். இவ ஓடிப்போய்த் தூக்கி விடுவாளாம். விழுந்தாலும் எழுப்பலாம்மா, நேரத்துக்குப் போனா எழுப்பலாம்னு என்கிட்ட சொன்னா. அப்பா ஆள் தலைக்கு மேல லோரி கன்னையான்னு பேர் பச்சையா எரியுமாம். நான் வாயால சொல்லாத பேர், இங்கதான் எழுதுறேன்.

பள்ளிக்கூடத்துல கவுன்சலர் டீச்சர் கூப்பிட்டாங்க. எவ்வளவு நேரம் விளையாடுறான்னு கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டே போனேன். அவங்க அதைக் கேக்கல. அவ எதையெல்லாம் விட்டுட்டா, அதைச் சொல்லுங்கன்னாங்க. சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துருச்சு. நெட்பால் விட்டுட்டா. வெள்ளிக்கிழமைக் கோயில் விட்டுட்டா. கூட்டாளிங்க வாசல்ல கூப்பிட்டா, இல்லன்னு சொல்லச் சொல்லுவா. தலை சீவாம முடி சிக்குப் பிடிச்சு, நான்தான் கத்தரியால வெட்டி எடுத்தேன். தட்டுல சோறு காய்ஞ்சு கிடக்கும், சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவா. போனைத் தொட்டா என்னைத் தள்ளுவா. பிடுங்காதீங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா விட்டதையெல்லாம் திரும்பக் கொண்டு வருவோம்னு டீச்சர் சொன்னாங்க. இப்ப புதன்கிழமையில ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா அவகூட உக்காந்து பேசுறாங்க. போன வாரம் ஒருநாள் காய் வாங்க என்கூட பாசார் வந்தா. ஒரு கட்டு கீரை அவளா எடுத்தா. அதுவே எனக்குப் பெரிசாப் பட்டுச்சு.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவளோட போனை இடது கையால எடுத்துக்கிறா. அப்பா பேர்தான் அணைஞ்சு போச்சே, இன்னும் யாருக்காகடின்னு கேட்டேன். அண்ணனுக்காகன்னா. அண்ணன் எப்பப் பாத்தாலும் அந்த ஆட்டத்துலதான்மா இருக்கான், பகல்லயும் இருக்கான், பேசமாட்டான், நான் போகலன்னா அவன் தனியா நிப்பான்னா.

அன்னிக்கு நான் டீச்சர் கேட்ட கேள்விய உன்னை வச்சுக் கேட்டுப் பாத்தேன். சனிக்கிழமை கூப்பிடுறதை விட்டுட்டே. ஷிஃப்ட்டுன்னே, நம்பினேன். தீபாவளிக்கு வரல, நம்பினேன். குகன் வந்ததும் நேராவே கேட்டேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஆன்டி, சிவா கப்பல் பட்டறைக்குப் போறதே இல்ல லா, வேலையை விட்டு ரொம்ப நாளாச்சு, கட்டிலுக்குத் திரை கட்டி போனோட படுத்திருக்கான், நான் கடைச் சாப்பாடு தாப்பாவ் வாங்கி வச்சாலும் அப்படியே கிடக்குன்னு சொல்லிட்டான். அவனைத் திட்டாதே. அவனும் அழுதான்.

உன்னை ஏச எழுதல ஐயா. நீ அங்க யாரைத் தேடுறேன்னு எனக்குத் தெரியும். கொள்ளி வச்ச கை உன்னோடது. அதுக்கப்புறம் அந்தக் கைக்கு வேற வேலை ஓடலபோல. நானும் அவர் தட்டை இன்னும் கழுவிக் கழுவித்தான் வைக்கிறேன்.

அடுத்த மாசம் அவருக்குத் திதி. நீ இல்லாம ஐயர் யார் கையில தர்ப்பை கொடுப்பார். வேலை போனதைச் சொல்ல வெக்கப்படாதே, யாரும் கேக்கமாட்டாங்க, அத்தை கேட்டா நான் பாத்துக்கிறேன். வந்து தங்கச்சி பக்கத்துல உக்காரு. ஆசையா இருந்தா ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடுங்க. நான் சோறு போடுறேன். சோறு போட்டதும் நீ முதல்ல போனைக் கவுத்து வை. நீ வச்சா அவளும் வைப்பா. நான் சொன்னா நிறுத்தமாட்டா, அண்ணன் சொன்னா நிறுத்துவா.

குகன் சாயங்காலமே கிளம்புறான். உன் சட்டை ரெண்டும், எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து விடுறேன். நீ நல்லா இருக்கணும். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒண்ணும் வரக்கூடாது. நான் கும்பிடுற மாரியாத்தா உன் தலைமாட்டுல நிக்கட்டும்.

வரிசை நகருது ஐயா. பின்னாடி நாங்க நிக்கிறோம். எழுந்து வா.

உன் வழியையே பாத்துக்கிட்டிருக்கிற
அம்மா